புண்பட்ட பரியும் அதன் பந்தியும்: பாண்டி நாட்டுக் குதிரை இழப்புப் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

பண்டைத் தமிழகத்திற்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கிய செய்தி அறிஞர் பலரால் எடுத்துக்காட்டப் பெற்றதாகும். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிற் குவிந்து கிடந்த வளங்களை நிரல்படக் கூறும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த புரவிகளையே முதற்கண் வைத்துள்ளது. இடைக்காலக் கல்வெட்டுகளிற் குதிரைச் செட்டிகள் காணப்படுகின்றனர். பாண்டியப் பேரரசு உயர்நிலையில் இருந்த காலத்துப் பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்தும் அரபு நாட்டுத் துறைகளிலிருந்தும் ஆண்டுதோறும் குதிரைகள் காயல் முதலிய பட்டினங்களை அடைந்தன. இவ்வாணிகத்தின் வழிகளும் விலையும் வணிகர் குழுக்களும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், வந்திறங்கிய குதிரை நோயுற்றபோதும் புண்பட்டபோதும் எவ்விடத்து நிறுத்தப்பட்டது, யாருடைய பொறுப்பில் விடப்பட்டது என்னும் வினா அத்துணை விரிவாக எழுப்பப்படவில்லை எனலாம்.

இவ்வினா சிறிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சார்ந்த அயல்நாட்டார் இருவர், பாண்டி நாட்டார் குதிரையைப் பேணத் தெரியாது அழித்தனர் என்னும் கருத்துப்பட எழுதிச் சென்றனர். அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்வோர் பழியை மக்களின் அறியாமைமேல் ஏற்றுவர். ஏற்க மனமில்லாதார் அதனை நாட்டின் வெப்பத்தின்மேல் ஏற்றுவர். அறியாமை, தட்பவெப்பம் ஆகிய இவ்விரண்டும் போதிய காரணங்கள் ஆகுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். புண்பட்ட பரி பிழைப்பதும் மடிவதும் பெரிதும் அது நிற்கும் இடத்தையும், அவ்விடத்திற்கு விடை சொல்லக் கடமைப்பட்டாரையும் பொறுத்தன. பாண்டி நாட்டிற் குறைவுற்றது அறிவு அன்று. அப்பொறுப்பே என்பது ஈண்டு எடுத்துக்காட்டப்பெறும்.

2. பாசறையில் நின்ற பரி

குதிரை நிற்கும் இடத்தைப் பந்தி, மந்துரை, இலாயம் என நம்மவர் வழங்கினர். இவற்றுட் பந்தி என்பது வரிசை என்னும் பொருளும் உடையது. விருந்தினர் அமரும் வரிசையும் பந்தியே. நலமுள்ள படைக்குதிரைகள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கட்டுண்டு நிற்கும் தோற்றம் அச்சொல்லால் நம் கண்முன் வருகின்றது. நோயுற்ற குதிரைக்கோ வேண்டுவது வரிசை அன்று, ஒதுக்கிடம். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு சங்க நூல்களை நோக்குவோம்.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், பாசறையிலுள்ள அரசன் உறக்கமின்றிக் கிடக்கின்றான். அவன் நினைவில் முந்திய நாட்போரிற் புண்பட்ட களிறுகளும் உயிர் துறந்த வீரரும் வருகின்றனர். அவர்களோடு குதிரைகளும் வருகின்றன. தோலைத் துளைத்த அம்புகள் உடலில் ஆழப் பதிந்தமையால் அவை செவியைச் சாய்த்து, உணவு கொள்ளாமல் வருந்தி நிற்கின்றன. புலவர் கூறும் குறிகள் இரண்டேயாயினும் அவை நுட்பமானவை. குதிரைக்கு நோவு உண்டெனின் அது வாய்விட்டு அரற்றுவதில்லை. செவியின் நிலை மாறும். உணவில் வெறுப்புத் தோன்றும். இன்றைய கால்நடை மருத்துவரும் பந்தியுள் நுழைந்தவுடன் முதற்கண் நோக்குவன இவ்விரண்டுமே. குதிரையோடு பழகி அதன் துன்பத்தை உணர்ந்த மக்கள் நடுவிலன்றி இத்தகைய சொல்லோவியம் தோன்றியிராது.

நக்கீரரின் நெடுநல்வாடை மற்றொரு காட்சியைத் தருகின்றது. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியதாகக் கொள்ளப்படும் இந்நூலில், வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் அரசன் புண்பட்ட வீரரைக் காணப் பாசறையைச் சுற்றி வருகின்றான். ஆண்டு, பூட்டிய கலனை களையப்பெறாத குதிரைகள் சேறுபட்ட தெருவில் நின்று தம்மேல் விழும் மழைத்துளிகளை உதறுகின்றன. வீரருக்கு அரசனது பார்வையும் ஆறுதலும் கிடைக்கின்றன. குதிரைகளுக்குக் கிடைப்பன சேறும் மழையும். இவை வேறு வேறு பாட்டுகள் என்பதையும், பாசறை என்பது நிலையான இருப்பிடம் அன்று என்பதையும் மறத்தலாகாது. எனினும் ஒன்று தெளிவு. பரியின் நோவைக் காணும் கண் தமிழரிடத்து இருந்தது. அந்நோவு தீரும் இடம் எது என்பதைப் பற்றிப் பாட்டுகள் பேசவில்லை. பேசுதல் அவற்றின் நோக்கமும் அன்று. அதற்கு நாம் வேறு வகை நூல்களை நாடவேண்டும்.

3. இடத்தை வகுத்த நூல்கள்

கி. மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டுமன்றி அதற்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் உரிய இருவகை மருத்துவத்திற்கு ஏற்பாடு செய்ததாகக் கூறுகின்றது. மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை கொணரப்பட்டு நடப்பட்டன எனவும் அது தெரிவிக்கின்றது. இதனைக் கொண்டு தமிழகத்தில் அன்றே விலங்கு மருத்துவ மனைகள் இருந்தன என்று கூறுவோர் உளர். கல்வெட்டுக் குறிப்பது மருத்துவத்தையேயன்றி மனையை அன்று. ஆதலின் அவ்வளவு தூரம் செல்லுதல் பொருந்தாது. விலங்குக்கு மருத்துவம் உண்டு என்னும் எண்ணம் இந்நாட்டிற்குப் புதிதன்று என்ற அளவில் நிற்றலே முறை.

இடத்தைப் பற்றிய விரிவான விதிகளைக் கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திற் காண்கின்றோம். அந்நூலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1909இல் அது மைசூரில் அச்சேறியது முதல் அவ்வாராய்ச்சி தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. எக்காலத்ததாயினும், இரண்டாம் அதிகரணத்தின் முப்பதாம் அத்தியாயம் குதிரைக் கண்காணிப்பாளனின் கடமைகளை விரித்துரைக்கின்றது. கண்காணிப்பாளன் குதிரைகளை அவை வந்த வழியைக் கொண்டு பதிவு செய்தல் வேண்டும்: கொடையாக வந்தவை, விலைக்குக் கொண்டவை, போரிற் கவர்ந்தவை, பந்தியிலே பிறந்தவை என அவை வகுக்கப்படும். முடமானவற்றையும் நோயுற்றவற்றையும் அவன் தனியே அறிவித்தல் வேண்டும்.

பந்தியின் அமைப்பு அடுத்துக் கூறப்படுகின்றது. அதன் அகலம் குதிரையின் நீளத்தைப் போல் இருமடங்காக இருத்தல் வேண்டும். நான்கு வாயில்களும், நடுவிற் குதிரை புரளுதற்குரிய வெளியும் வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் தனி நிலை. அந்நிலை குதிரையின் நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரம். அதன் தளம் வழவழப்பான பலகை பரப்பியது. தீனிக்குரிய தொட்டியும், சிறுநீரும் சாணமும் கழியும் வழியும் அதற்கு உண்டு. அது கிழக்கு அல்லது வடக்கு நோக்கியது. பெட்டைகளுக்கும் பொலிக்குதிரைகளுக்கும் குட்டிகளுக்கும் வெவ்வேறு ஒதுக்கிடங்கள் வேண்டும். உடல் மெலிந்தாலும் மிகப் பருத்தாலும் மருத்துவர் மாற்றுச் செய்தல் வேண்டும். பருவத்திற்கேற்ப உணவை வகுத்தலும் அவர் கடமை.

இவற்றினும் நம் ஆய்வுக்குச் சிறந்தவை அந்நூல் கூறும் தண்ட விதிகள். மருத்துவத்திற்காக நிறுத்தி வைக்கப்பட்ட குதிரையை ஊர்தியாகப் பயன்படுத்தினால் 12 பணம் தண்டம். சிகிச்சையோ மருந்தோ தடைப்பட்டு நோய் முற்றினால், தீர்க்க ஆகும் செலவைப் போல் இருமடங்கு தண்டம். பொறுப்புடையார் தவற்றாற் குதிரை கெட்டால் அதன் விலையே தண்டம். கயிறு பிடிப்பவன், கட்டுபவன், புல் இடுபவன், தீனி சமைப்பவன், காவலன், மயிர் கத்தரிப்பவன், நச்சு மருத்துவன் ஆகியோர் தத்தம் தொழிலைச் செய்யத் தவறின் அன்றைய கூலியை இழப்பர். போராலும் பிணியாலும் மூப்பாலும் தளர்ந்த குதிரைகளுக்குப் பிழைப்பதற்குரிய தீனி தரப்படும். போருக்கு ஆகாதவற்றுட் பொலிக்குதிரைகள் நகர மக்களுக்கும் நாட்டு மக்களுக்கும் பயன்படுமாறு இனப்பெருக்கத்தில் விடப்படும்.

இவ்விதிகளின் உட்கருத்து ஒன்றே. புண்பட்ட குதிரைக்கு இடம் தேர்தல் என்பது சுவரும் கூரையும் தேர்தல் மட்டும் அன்று. அவ்விடத்தில் நேரும் தவற்றுக்கு விடை சொல்லும் ஆளையும் சேர்த்தே தேர்தல். கட்டடத்திற்குக் கூறும் அளவுகளும் ஆளுக்குக் கூறும் தண்டங்களும் ஒரே அத்தியாயத்தில் அமைந்தமை இதனை வலியுறுத்தும்.

பந்தி அமையும் இடத்தைப் பற்றிய எச்சரிக்கை கதை வடிவிலும் வழங்கிற்று. பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில், அரண்மனை மடைப்பள்ளியிற் புகுந்து தின்னும் ஆடு ஒன்றைச் சமையற்காரன் கொள்ளிக்கட்டையால் அடிக்கின்றான்; உரோமத்திற் பற்றிய தீயோடு ஆடு அருகிலிருந்த குதிரைப்பந்தியுள் ஓட, வைக்கோல் எரிந்து குதிரைகள் தீப்புண் அடைகின்றன. மடைப்பள்ளிக்கு அருகே பந்தி அமைத்ததன் விளைவு இஃது. வரப்போவதை முன்னரே உணர்ந்து எச்சரித்தது ஒரு முதிய குரங்கு என்று கதை கூறும். பரி மருத்துவம் சாலிகோத்திரர் பெயராலும் நகுலர் பெயராலும் நூல்களாக வழங்கியதையும் ஈண்டு நினைத்தல் தகும். நகுலர் பெயரால் வழங்கும் அசுவசாத்திரம் வண்ணப் படங்களோடு 1952இல் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தாரால் வெளியிடப்பெற்றது. ஆதலின் அறிவு இந்நாட்டில் இல்லை என்பது பொருந்தாது.

4. மார்க்கோ போலோவும் வாசாபும்

இனி அயலார் குறிப்புகளை நோக்குவோம். 1290ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பாண்டி நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, மாபார் எனத் தாம் அழைக்கும் இந்நாட்டிற் குதிரைகள் பிறப்பதில்லை என்றும், நாட்டின் செல்வத்திற் பெரும்பகுதி அவற்றை வாங்குவதிற் செலவாகின்றது என்றும் எழுதினார். அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவான். அவன் உடன்பிறந்த அரசர் நால்வரும் அவ்வாறே வாங்குவர். ஆண்டு முடிவில் 100 குதிரைகளும் எஞ்சுவதில்லை என்பது அவர் கூற்று. பேணும் முறை அறிந்த பரி மருத்துவர் இல்லாமையே காரணம் என்பார் அவர். அத்துடன், குதிரை கொணரும் வணிகர் மருத்துவரைத் தம்முடன் அழைத்து வருவதில்லை என்றும், பிறர் செல்லவும் விடுவதில்லை என்றும், குதிரைகள் இறப்பதே அவர்களுக்கு மகிழ்ச்சி என்றும் கூறுகின்றார். இறைச்சியோடு சமைத்த சோறு குதிரைகளுக்கு இடப்பட்டது எனவும், நல்ல குதிரைகள் இணைந்தாலும் கால் கோணிய நலிந்த குட்டியே பிறந்தது எனவும் அவர் குறிப்பிடுகின்றார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் இந்நாட்டிற்கு வந்தவர் அல்லர்; வணிகர் வாயிலாகவும் ஆவணங்கள் வாயிலாகவும் அறிந்ததை எழுதியவர். அவர் கூற்றுப்படி, கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் தம் குதிரைகளுள் 1,400ஐ ஆண்டுதோறும் மாபாருக்கு அனுப்ப உடன்படிக்கை இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு. 1260இல் இறந்த பாரசு நாட்டு ஆட்சியாளர் அபூபக்கர் காலத்தில் 10,000 குதிரைகள் மாபாருக்கும் கம்பாயத்துக்கும் அவற்றை அடுத்த துறைகளுக்கும் அனுப்பப்பட்டன. அவற்றின் விலை 22,00,000 பொற்காசு. இத்தொகை 220ஐ 10,000 ஆற் பெருக்கியதேயாகும். ஆதலின் இஃது எண்ணிக் கண்ட வரவு என்பதினும் கணித்துக் கூறிய தொகை என்றலே பொருந்தும். போலோ கூறும் ஐந்து அரசர்க்கும் 2,000 வீதம் கணக்கிட்டால் 10,000 வருகின்றது. அதனை வாசாப் கூறும் 10,000 உடன் இணைத்து ஒன்றற்கு ஒன்று சான்று எனக் கொள்ளுதல் தவறு. பின்னது முந்திய தலைமுறையைச் சார்ந்தது. கூர்ச்சரத் துறைகளையும் உள்ளடக்கியது.

குதிரைகளின் பராமரிப்பைப் பற்றி வாசாப் தரும் செய்தி கருதத்தக்கது. வந்த குதிரைகளைக் கயிற்றாலும் முளையாலும் பிணித்து 40 நாள் பந்தியிற் கொழுக்க வைப்பர். பச்சை வாற்கோதுமைக்கு ஈடாக வறுத்த வாற்கோதுமையும் நெய் சேர்த்த தானியமும் தருவர். குடிக்கக் காய்ச்சிய பசும்பால் கொடுப்பர். பின்னர்ப் பயிற்சியின்றி வெறிகொண்டாற் போல அவற்றை ஓட்டுவர். வலிமையும் விரைவும் உடைய குதிரைகள் சில நாளிலேயே தளர்ந்து பயனற்றுப் போகும். ஆதலின் ஆண்டுதோறும் புதிய குதிரைகள் வேண்டியிருக்கும் என்பது அவர் கூற்று.

இருவர் கூற்றும் உணவு வகையில் வேறுபடுகின்றன. ஒருவர் இறைச்சிச் சோறு என்பார். மற்றவர் வறுத்த தானியமும் நெய்யும் பாலும் என்பார். ஆயினும் சமைத்த, கொழுமை மிக்க உணவு என்பதில் இருவரும் ஒத்துள்ளனர். 2,000இல் 100 எஞ்சாது என்னும் கணக்கை மிகை எனக் கொண்டாலும், இழப்புப் பெரிது என்பதை ஐயுற இடமில்லை.

5. வெப்பமா, பந்தியா?

இற்றைக் கால்நடை மருத்துவத்தின் துணையால் இக்குறிப்புகளைச் சோதித்தல் இயலும். வெப்பத்திற்குப் பங்கு இல்லை என்று கூறுதல் ஆகாது. வறண்ட நாட்டிலிருந்து ஈரப்பதம் மிக்க வெப்ப நாட்டிற்கு வரும் குதிரைகளுட் சில வியர்க்கும் ஆற்றலை இழக்கின்றன. குதிரை தன் உடற்சூட்டைத் தணிப்பது பெரிதும் வியர்வையாலாதலின் இந்நிலை கொடியது. ஈக்களாற் பரவும் சுர்ரா என்னும் காய்ச்சல் மற்றொன்று. அதன் காரணமான நுண்ணுயிரைக் கிரிபித் எவான்சு 1880இற் பஞ்சாபிற் கண்டறிந்தார். ஆயின் இவ்விரண்டின் கொடுமையும் பந்தி அமையும் இடத்தாற் கூடவும் குறையவும் செய்யும். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம் முன்னதைத் தணிக்கும். தேங்கிய நீரும் சாணக் குவியலும் ஈக்கூட்டமும் இல்லாத இடம் பின்னதன் வாய்ப்பைக் குறைக்கும்.

நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்தல் இவற்றினும் கேடு தருவதாகும். குதிரையின் குளம்பினுள், எலும்பையும் குளம்புச் சுவரையும் பிணைக்கும் மெல்லிய தகடுகள் பல உண்டு. தானியத்தை அளவிறந்து தின்றால் குடலில் விளையும் நச்சுப்பொருள்களால் இத்தகடுகள் அழற்சி அடையும். முற்றினால் எலும்பு சுவரைவிட்டு நழுவும். அத்தகைய குதிரை விரைவையும் வலிமையையும் இழந்து தளர்ந்து நிற்கும். வாசாப் வருணிக்கும் தளர்ச்சி இந்நோயோடு பெரிதும் ஒத்துள்ளது. பல நாள் அசையாமல் நின்று தானியம் தின்ற குதிரையைத் திடீரெனக் கடுமையாக ஓட்டினால் தசைகள் இறுகிச் சிதைவதும் உண்டு. பசும்புல் குறைந்து, சுண்ணச்சத்துக் குறைந்த தானியமே உணவாகும்போது எலும்புகள் வலிவிழக்கும். போலோ கண்ட கோணற்கால் குட்டிகளுக்கு அதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

புண்பட்ட குதிரைக்கு இவ்விடர் இருமடங்காகும். மனிதன் கால் முறிந்தாற் படுக்கையிற் கிடப்பான். குதிரை நெடுநேரம் கிடத்தல் இயலாது, நிற்கவே வேண்டும். ஒரு காலில் நோவு வந்தால் அதன் பாரத்தை எதிர்க்கால் தாங்கும். தாங்கிய காலின் குளம்புத் தகடுகள் நாளடைவில் அழற்சி அடையும். 2006 மே 20 அன்று பால்டிமோர் நகரப் பந்தயத்திற் பின்வலக்கால் முறிந்த பார்பரோ என்னும் புகழ்பெற்ற குதிரைக்குப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவ மனையில் உயர்ந்த மருத்துவம் அளிக்கப்பட்டது. ஆயினும் முதலில் நலமாயிருந்த கால்களிற் குளம்பழற்சி தோன்றியமையால் 2007 சனவரி 29 அன்று அதனை நோவின்றி இறக்கச் செய்ய நேர்ந்தது. முறிந்த கால் பெரிதும் தேறியிருந்தது என்பது கருதத்தக்கது. புண்ணை ஆற்றுவது வேறு. குதிரையைப் பிழைப்பிப்பது வேறு. பின்னதற்கு நிற்கும் தளமும், படுக்க விடும் இடமும், உணவின் அளவும், நாடோறும் காலை நோக்கும் கண்ணும் இன்றியமையாதன.

குதிரை நின்றவாறே அரைத்துயில் கொள்ளும். ஆயினும் ஆழ்ந்த உறக்கத்திற்கு அது படுத்தே ஆதல் வேண்டும். கயிறும் முளையும் அதற்குத் தடை. கௌடிலிய நூல் விதித்த சதுர நிலை படுத்தெழ இடந்தருவது. இக்காலத்தார் 12 அடிச் சதுரத்தைத் தனிநிலைக்குரிய அளவாக வழங்குவதோடு ஒப்பிட்டால் அது சிறிதே. எனினும் கட்டி நிறுத்தும் வரிசைப் பந்தியினும் பெரிதும் மேலானது.

6. உடன்படிக்கையும் கயிறும்

நூலறிவு இருந்தும் இழப்பு நேர்ந்தது ஏன்? விடை உடன்படிக்கையில் உள்ளது. கடற்பயணத்திற் குதிரை காயமுற்றாலும் இறந்தாலும் அதன் விலை அரசுக் கருவூலத்திலிருந்தே தரப்படும் என்று வாசாப் தெளிவாகக் கூறுகின்றார். எனவே வணிகனுக்கு மரக்கலத்திற் குதிரையைப் பேணும் கட்டாயம் இல்லை. கரையிறங்கியபின் குதிரை இறந்தால் அடுத்த ஆண்டு புதிய விற்பனை. இரு கரையிலும் அவனுக்கு இழப்பில்லை. மேலும், பாண்டி நாட்டிற் குதிரைகளைப் பெற்றுக்கொண்ட அமைச்சர் தகியுத்தீன், விற்ற ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாரே என்பதும் அதே நூலால் அறியப்படுகின்றது. விற்பவரும் ஏற்பவரும் ஒரு குடும்பத்தினர் ஆயின், பழுதுற்ற குதிரையைத் தடுத்து நிறுத்திச் சோதிப்பவர் யார்? வணிகர் மருத்துவரை விலக்கினர் என்னும் போலோவின் செய்தியை வணிகரின் கொடுமைக்குச் சான்றாக மட்டும் கொள்ளாது, இவ்வேற்பாட்டின் இயல்பான விளைவாகவே கொள்ளுதல் தகும். இறந்த குதிரைக்கும் விலை தரும் அரசன், உயிரோடுள்ள குதிரையைப் பேணுவோனுக்கு என்ன தந்தான் என்பது அக்குறிப்புகளில் இல்லை.

திருவிளையாடற் புராணம் கூறும் நரி பரியான கதையை இவ்விடத்து நினைத்தல் பயன் தரும். குதிரை வாங்க அரசுப் பொருளோடு சென்ற வாதவூரர் அதனைத் திருப்பணியிற் செலவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்ந்து அரசனிடம் கயிறு மாறிக் கொடுக்கின்றான். நள்ளிரவில் அவை மீண்டும் நரிகளாகி, பந்தியில் முன்பே நின்ற குதிரைகளையும் கடித்துக் குதறிச் செல்கின்றன. இது சமயக் கதை. இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. ஆயினும் கதையைக் கேட்டார்க்கு வியப்பாகத் தோன்றாத உலகியற் செய்திகள் இரண்டு அதில் உள. ஒன்று, கயிறு மாறியபின் குதிரை வாங்கியவனுடையது என்னும் வழக்கம். மற்றொன்று, பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் அரசன் பந்தியில் ஓரிரவிற் பாழாகலாம் என்னும் எண்ணம்; புதிதாக வந்தவற்றைத் தனியே நிறுத்தாது பழையவற்றோடு சேர்த்துக் கட்டியதால் அக்கேடு பழையவற்றையும் பற்றியது. பாண்டியர் குதிரை வாணிகத்தின் நிழல் அக்கதைமேல் விழுந்துள்ளது எனின் மிகையாகாது.

விசயநகரக் காலத்தில் நிலை ஓரளவு மாறியது. 1535ஐ ஒட்டி எழுதிய போர்ச்சுகீசியராகிய நூனிசு, முந்திய அரசனாகிய சாளுவ நரசிம்மன் ஆர்மசு, ஏடன் துறைகளிலிருந்து குதிரைகளை வருவித்து, 1,000 வராகனுக்கு மூன்று வீதம், உயிரோடு வரினும் இறந்து வரினும் ஏற்றான் என்றும், கடலில் இறந்ததற்கு வாலை மட்டும் காட்டினாலும் விலை கொடுத்தான் என்றும் கூறுகின்றார். இது பாண்டியர் உடன்படிக்கையின் தொடர்ச்சியே. பகைவர்க்குக் குதிரை கிடைக்காது தடுத்தல் அரசர்தம் நோக்கமாயிருத்தல் கூடும். போர் நோக்கில் அதனைக் குறை கூறுதல் எளிதன்று. ஆனால் அதே நூனிசு, தம் காலத்து அரசனிடம் குதிரைகளைப் பேணுவோர் 1,600 பேரும், பழக்குவோர் 300 பேரும் ஊதியம் பெற்றனர் எனக் கணக்கிட்டுள்ளார். ஆண்டுதோறும் வாங்கிய 13,000 குதிரைகளுட் சிறந்தவற்றைத் தன் பந்திக்கு வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை அரசன் தலைவர்களுக்குக் கொடுத்தான் எனவும் எழுதியுள்ளார். குதிரையை எண்ணிய கணக்கோடு குதிரையைப் பேணியவரை எண்ணிய கணக்கும் இக்காலத்திலேதான் நமக்குக் கிடைக்கின்றது. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் பொருட்சிறப்புடையது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியப்படுவன இவை. பரியின் நோவை உணரும் நுட்பம் சங்கப் புலவரிடத்து இருந்தது. பந்தியின் தளம், அளவு, ஒதுக்கிடம், உணவு, மருத்துவம் ஆகியவற்றை வகுத்த நூல்கள் இந்நாட்டில் வழங்கின. பாண்டி நாட்டுக் குதிரை இழப்பிற்கு வெப்பமும் ஒரு காரணமே; ஆயின் தகுந்த இடத்தால் தணிக்கக்கூடிய காரணம் அது. மிகு தீனியும் அசைவின்மையும் பயிற்சியற்ற ஓட்டமும் பெருங்கேடு விளைத்தன. இவற்றைத் தடுத்திருக்கக்கூடிய பொறுப்பு, இறந்த குதிரைக்கும் விலை தந்த உடன்படிக்கையால் யாரிடத்தும் நில்லாது போயிற்று. எனவே தமிழர் குதிரை பேண அறியாதவர் என்னும் பழி பொருந்தாது. அறிவு இருந்தும் அதனைச் செயற்படுத்தும் ஆளுக்கு ஊதியமும் தண்டமும் வகுக்காத ஆட்சியின் குறை அது என்பதே பொருந்தும்.

புண்பட்ட குதிரையை எங்கு விடுவது என்று இன்று ஆராயும் ஒருவரும், தளம் உலர்ந்ததா, படுத்தெழ இடம் உண்டா, பிற குதிரைகளினின்று விலகியதா, தீனியை அளந்து இடுவார் உண்டா, மருத்துவர் உடன் வந்து சேர இயலுமா என வினவுவார். இவ்வினாக்களிற் பெரும்பாலன அர்த்தசாத்திரத்தின் ஓர் அத்தியாயத்துள் அடங்கியுள்ளன. இறுதி வினாவாக அந்நூல் வைப்பது, தவறு நேரின் விடை சொல்பவர் யார் என்பது. 1903இற் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியபின் நோயின் காரணங்களை நாம் பன்மடங்கு தெளிவாக அறிந்துள்ளோம். அவ்வினா மட்டும் பழையதாகவே நிற்கின்றது.

முல்லைப்பாட்டின் அரசன் நள்ளிரவில் நினைந்து வருந்திய அக்குதிரை, செவி சாய்த்து உண்ணாது நின்றது. அதனைக் கண்ணாற் கண்ட பாகன் ஒருவன் அருகில் இருந்திருத்தல் வேண்டும். இன்றேற் புலவர்க்கு அக்காட்சி கிடைத்திராது. கல்வெட்டுகளிலும் நாட்டுப்புறத்துப் பரி மருத்துவ ஏடுகளிலும் அப்பாகனது வரலாறு தேடப்படுமாயின், வாணிக வரலாற்றிற் காணப்படாத ஒரு பகுதி தெளிவுறும். அறிஞர் அப்பணியை மேற்கொள்வாராக.